ஆர்கான் வெல்டிங்கில் புதியவர்களுக்கு நேரும் இடையூறுகள்

நெய்து இறக்கிய துணியில் ஒரு குறை தென்பட்டால், அது தறியில் எவ்விடத்திலே பிறந்தது என்பதைத் துணியைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர்கள் நம் நெசவாளர்கள். கஞ்சி சரிவர ஏறாத பாவை எத்துணை நல்ல தறியில் பூட்டினாலும் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும். அதற்குத் தறியைக் கடிந்துகொண்டு பயனில்லை. எஃகை ஆர்கான் வாயுவின் துணைகொண்டு பற்றவைக்கும் தொழிலும் இத்தன்மையதே. உருகிய எஃகில் நம் கண்ணுக்குப் புலனாகும் குறைகளுள் பெரும்பாலானவை, டார்ச்சைக் கையில் எடுக்கும் முன்பே செய்யத் தவறிய ஏதோ ஒரு காரியத்தின் பயனாக விளைகின்றன. குறையின் தோற்றத்தைக் கொண்டு அதன் பிறப்பிடத்தை எவ்வாறு கண்டறிவது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இன்வெர்ட்டர் வகை வெல்டிங் யந்திரங்கள் இக்காலத்தில் ஒருவர் கையில் தூக்கிச் செல்லுமளவு சிறியனவாகிவிட்டன. ஆகவே தெளிப்பான் சட்டம், பாவு உருளையின் தாங்கி, நாற்றங்கால் பந்தலின் குழாய், சாயத் தொட்டியின் விளிம்பு ஆகிய சிறு பழுதுகளைத் தாமே சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணத்துடன் அங்கத்தினர் பலர் இவ்வேலையில் இறங்குகின்றனர். எண்ணம் நன்றே. ஆயினும் முதல் மாதத்தில் வெல்டு கறுத்துப் பொங்கிப் புழு அரித்த கட்டைபோல் ஆவதைக் கண்டு, யந்திரம் பழுதென்று முடிவு கட்டி அதனை மூலையில் வைத்துவிடுவாரும் உளர். இதனால் பொருள் நஷ்டம் ஏற்படுவது ஒருபுறம். மேலே பார்வைக்கு ஒழுங்காயிருந்து அடியில் ஒட்டாமல் நிற்கும் வெல்டு அதைவிடப் பொல்லாதது. அது பாரம் ஏறும் நாள் வரையில் காத்திருந்து, அன்றைக்கு விட்டுவிடும்.

முதலில் இம்முறையின் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். யந்திரங்களின் மேல் 'டிக்' என்று எழுதியிருக்கும். நம் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்றே வழங்குகிறது. டார்ச்சின் நுனியில் ஒரு டங்ஸ்டன் கம்பி உள்ளது. டங்ஸ்டன் உருகுவதற்கு ஏறத்தாழ 3,400 சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். எஃகோ 1,500ஐ ஒட்டியே உருகிவிடுகிறது. ஆகையால் டங்ஸ்டன் முனையிலிருந்து எஃகுக்குப் பாயும் மின்சாரச் சுடர், தான் தங்கியிருக்கும் கம்பியைக் கரைக்காமல் எஃகை மட்டும் உருக்குகிறது. மற்றொரு கையால் நிரப்புக் கம்பியை அந்த உருகிய குழம்பில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். டங்ஸ்டனைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கின் வழியே ஆர்கான் வாயு இறங்கிக் குழம்பையும் முனையையும் போர்வைபோல் மூடிக் காக்கிறது. 1894இல் ராலே பிரபுவும் வில்லியம் ராம்ஸேயும் காற்றிலிருந்து பிரித்துக் கண்டுபிடித்த இவ்வாயு எதனோடும் சேராது ஒதுங்கி நிற்பதால், கிரேக்க மொழியில் 'சோம்பேறி' எனப் பொருள்படும் சொல்லாலேயே பெயர் பெற்றது. இம்முறையை 1941ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித் உருவாக்கியபோது, மக்னீசியத்தைப் பற்றவைப்பதற்காக ஹீலியம் வாயுவையே பயன்படுத்தினார். ஆர்கான் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது.

வாயுப் போர்வை

வெல்டு கறுத்துப் புகை படிந்து பொங்கினால், முதலாவதாக ஐயுறத்தக்கது வாயு. உருளையில் இருப்பது முழு ஆர்கான்தானா என்பதைச் சீட்டைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கம்பி தானாக ஓடிவரும் மற்றொரு வகை யந்திரத்திற்கென ஆர்கானுடன் கரியமில வாயுவைக் கலந்து விற்கிறார்கள். அந்தக் கலவையை இங்கே பயன்படுத்தினால் டங்ஸ்டன் முனை கண்ணெதிரே எரிந்துபோகும். பட்டறையில் இரண்டு வகை யந்திரமும் இருந்தால், இத்தவறு நேர்வதற்கு ஒரு நாள் கவனக்குறைவே போதும்.

அடுத்தது வாயுவின் அளவு. சாதாரண வேலைக்கு நிமிஷத்துக்கு 7 முதல் 10 லிட்டர் வரை போதுமானது. வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதனை அளவியில் பார்க்க வேண்டும். போதவில்லை என்று தோன்றியவுடன் அளவை இருமடங்காகத் திருகுவது புதியவர்களின் வழக்கம். அது நேர் எதிரான பலனையே தரும். வாய்க்காலில் மடையை முழுதும் திறந்தால் தண்ணீர் சுழித்துக் கரையை அரிப்பதுபோல, மிகுந்த வேகத்துடன் வரும் வாயு சுழன்று அக்கம்பக்கத்துக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காற்று வந்துவிட்டால் போர்வை இருந்தும் பயனில்லை.

அளவு சரியாயிருந்தும் வெல்டு கறுக்குமானால், காற்று வேறெங்கோ நுழைகிறது என்று கொள்க. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியே பெரும்பாலும் குற்றவாளி. வியர்வைக்கு அஞ்சி விசிறியை ஓடவிட்டுக்கொண்டு ஆர்கான் வெல்டிங் செய்ய இயலாது. திறந்த கதவின் வழியே வரும் மென்காற்றுகூடப் போர்வையை ஒதுக்கிவிடும். ஒரு தட்டியை மறைவாக வைத்தால் போதும். டார்ச்சின் பின்மூடியில் உள்ள ரப்பர் வளையம் தொலைந்திருக்கலாம். பீங்கான் மூக்கில் கீறல் விழுந்திருக்கலாம். உள்ளிருக்கும் பித்தளைப் பிடிப்பான் தளர்ந்திருக்கலாம். குழாய்ப் பொருத்துகளில் சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடம் குமிழிட்டுக் காட்டிவிடும். டார்ச்சை மிகவும் சாய்த்துப் பிடித்தாலும் பின்புறத்திலிருந்து காற்று உறிஞ்சப்படும். செங்குத்திலிருந்து 15 அல்லது 20 பாகை சாய்வே ஏற்றது. டங்ஸ்டன் முனையும் மூக்குக்கு வெளியே நெடுந்தூரம் நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. சாதாரண மூக்கில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும்.

வாயு சரியாக உள்ளதா என்பதை முனையின் நிறமே சொல்லும். சுடரை அணைத்த பின்னரும் சில விநாடிகள் வாயு ஓடிக்கொண்டிருக்கும்படி யந்திரத்தில் அமைப்பு உண்டு. 10 ஆம்பியருக்கு 1 விநாடி என்பது கணக்கு. 80 ஆம்பியரில் வேலை செய்தால் 8 விநாடி. அவ்வளவு நேரமும் டார்ச்சை அசைக்காமல் அவ்விடத்திலேயே பிடித்திருக்க வேண்டும். ஆறிய பின் முனை வெள்ளிபோல் பளபளப்பாயிருந்தால் போர்வை குறைவின்றி இருந்தது. நீலமாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், வாயு சீக்கிரம் நின்றுவிட்டது, அல்லது எங்கோ காற்று கலக்கிறது. வெல்டு முடிந்தவுடன் ஆர்வத்தினால் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு பார்ப்பவர்களுக்கு முனை எப்போதும் நீலமாகவே இருக்கும்.

குற்றம் வாயுவிலா, எஃகிலா?

இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. துடைத்துச் சுத்தம் செய்த எவர்சில்வர் துண்டு ஒன்றை எப்போதும் அருகே வைத்துக்கொள்க. நிரப்புக் கம்பியைத் தொடாமல், சுடரை மட்டும் அதன் மேல் 3 அல்லது 4 விநாடி நிறுத்தி ஒரு பொட்டு உருக்கிவிட்டு, வாயு நிற்கும் வரை டார்ச்சை அங்கேயே பிடித்திருங்கள். பொட்டு பளபளப்பாக, குமிழியின்றி உறைந்தால் வாயுவும் டார்ச்சும் டங்ஸ்டனும் குற்றமற்றவை. அதே அமைப்புடன் வேலைக்குரிய எஃகின் மேல் சென்றதும் குழம்பு கொதித்துப் பொறி தெறித்தால், குற்றம் எஃகிலோ நிரப்புக் கம்பியிலோ இருக்கிறது. எவர்சில்வர் துண்டிலேயே பொட்டு சாம்பல் நிறமடைந்து பொங்கினால், எஃகைத் தேய்த்துக்கொண்டிராமல் வாயுவின் வழியைச் சோதிக்கத் தொடங்கலாம். இந்த ஒரு சோதனை அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எஃகின் அழுக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் கண்ட அளவில் புதியவர்களின் தொல்லைகளுள் பாதிக்கு மேல் இங்கிருந்தே தோன்றுகின்றன. மருந்து பூசிய குச்சியைக்கொண்டு சாதாரண மின்சார வெல்டிங் செய்து பழகியவர்கள், துருவின் மேலேயே பற்றவைத்துப் பழகிவிட்டார்கள். அந்தக் குச்சியின் மேற்பூச்சு அழுக்கைக் கரைத்துக் கசடாக மேலே தள்ளிவிடும். ஆர்கான் முறையில் அவ்வாறு தள்ளுவதற்கு ஒன்றும் கிடையாது. உள்ளே போன அழுக்கு உள்ளேயே நிற்கும். கடையில் வாங்கும் சூட்டுருட்டுத் தகடு, பட்டை, கோண இரும்பு ஆகியவற்றின் மேல் கருநீல நிறத்தில் மழமழப்பான ஒரு செதில் படிந்திருக்கும். அதனைப் பார்த்தால் அழுக்கென்றே தோன்றாது. உருக்காலையில் சூட்டோடு உருட்டும்போது உண்டான அந்தச் செதில் முழுவதும் இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த பொருளே. வெல்டு விழும் இடத்திலும் அதன் இருபுறமும் ஒரு விரற்கடை அகலத்துக்கு, எஃகு வெள்ளைவெளேரென்று தெரியும்வரை கிரைண்டரால் அதைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். மேற்புறம் மட்டும் போதாது. வெட்டிய விளிம்பு, தகட்டின் அடிப்புறம், குழாயானால் உட்புறம் ஆகியவற்றையும் தேய்க்க வேண்டும். அடியில் உள்ள துரு உருகும்போது மேலே வந்துவிடும்.

குளிருட்டுத் தகட்டில் இச்செதில் இராது. அதற்குப் பதிலாகத் துருவைத் தடுக்கும் எண்ணெய் பூசப்பட்டிருக்கும். அதனைத் தூய துணியில் அசிடோன் நனைத்துத் துடைத்து, ஈரம் முற்றும் ஆவியாகி, புட்டியையும் துணியையும் அப்பால் கொண்டுபோய் வைத்த பிறகே சுடரை எழுப்ப வேண்டும். நிரப்புக் கம்பியையும் அவ்வாறே துடைக்க வேண்டும். துணி கறுத்து வருவதைக் கண்டால் இந்த யோசனையின் அவசியம் தானே விளங்கும். மோட்டார் பட்டறைகளில் பிரேக்கைக் கழுவ உபயோகிக்கும் திரவங்களுள் சில குளோரின் கலந்தவை. அவற்றால் துடைத்த எஃகின் மேல் சுடர் பட்டால், 1914-18 யுத்தத்தில் போர்க்களத்தில் மனிதரைக் கொன்ற பாஸ்ஜீன் என்னும் விஷவாயு உண்டாகக்கூடும். அவற்றைப் பட்டறையின் அந்த மூலைக்கே கொண்டுவரலாகாது.

எஃகைத் தேய்த்தும் துடைத்தும் ஊசித்துளைகள் விழுமானால் நிரப்புக் கம்பியின் வகையைப் பாருங்கள். சில எஃகுகளில் அவை வார்க்கப்பட்டபோதே பிராணவாயு ஓரளவு தங்கிவிடுகிறது. மீண்டும் உருகும்போது அது எஃகிலுள்ள கரியுடன் கூடி வாயுவாகிக் கொதிக்கிறது. சிலிக்கான், மாங்கனீஸ் ஆகியவை கலந்த கம்பி அந்தப் பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு குழம்பை அமைதிப்படுத்தும். இ.ஆர். 70 எஸ்-2, இ.ஆர். 70 எஸ்-6 என்று குறிக்கப்பட்ட கம்பிகள் இத்தகையவை. கேஸ் வெல்டிங்குக்கென விற்கும் செம்புப் பூச்சுடைய மென்கம்பியும் தோற்றத்தில் இவற்றைப் போன்றதே. அதை விலை மலிவென்று வாங்கிவந்து, துளை விழுகிறதே என்று வருந்துவோர் பலர்.

குழாயின் இரு முனைகளையும் அடைக்கும்போது கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் குழம்பு வெளியே ஊதித் துளையாவது மற்றொரு வியப்பு. இதில் அழுக்குக்குத் தொடர்பே இல்லை. உள்ளே அகப்பட்ட காற்று சூடேறி விரிந்து, மூடாத அந்த ஒரே வாயிலின் வழியே வெளிவருகிறது. பார்வைக்குப் படாத இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று முன்னரே போட்டுவைத்தால் இந்தத் தொல்லையே எழாது.

டங்ஸ்டன் முனை

எஃகுக்கு டங்ஸ்டன் எப்போதும் யந்திரத்தின் எதிர்முனையிலேயே இணைக்கப்பட வேண்டும். மாறி இணைத்தால் வெப்பத்தின் பெரும்பகுதி எஃகுக்குப் போகாமல் டங்ஸ்டனுக்கே திரும்ப, முனை சில விநாடிகளில் உருண்டு திரண்டு சொட்டிவிடும்.

சுடர் ஒருபுறமாக அலைந்து திரிந்தால் முனையைத் தீட்டிய விதத்தில் பிழை இருக்கிறது. கம்பியின் விட்டத்தைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு நீளத்துக்குப் பென்சில்போலக் கூராக்க வேண்டும். தீட்டிய கோடுகள் முனையை நோக்கி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வளையமாகத் தீட்டினால் சுடர் அக்கோடுகளைப் பற்றிக்கொண்டு அலையும். அலுமினியமும் இரும்பும் தேய்த்த சக்கரத்தில் தீட்டினால் அந்த அழுக்கு முனையில் ஏறிவிடும். ஆதலால் டங்ஸ்டனுக்கென்றே தனிச் சக்கரம் வேண்டும். சிவப்பு அடையாளமிட்ட கம்பியில் தோரியம் கலந்துள்ளது. அது சிறிதளவு கதிரியக்கம் உடைய பொருளாகையால் அதன் தூளைச் சுவாசித்தல் தீது. நீலம், பொன்னிறம், சாம்பல் ஆகிய அடையாளமுள்ள கம்பிகள் எஃகு வேலைக்கு அதைப்போலவே பயன்படுவதால், சிவப்பை நாடவேண்டிய அவசியமே இல்லை என்பது நம் கருத்து.

முனை குழம்பில் பட்டுவிடுவது, அல்லது நிரப்புக் கம்பி முனையில் ஒட்டிக்கொள்வது, எல்லோருக்கும் நேர்வதுதான். பட்டவுடன் நிறுத்தி, முனையைப் புதிதாகத் தீட்டிக்கொள்ள வேண்டும். குழம்பில் விழுந்த டங்ஸ்டன் துணுக்கையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் தீட்டுவதற்குச் சோம்பி, எஃகு ஒட்டிய முனையுடனேயே வேலையைத் தொடர்பவர்கள் அன்றைய வெல்டு முழுவதையும் கெடுத்துக்கொள்கிறார்கள். பத்து கம்பிகளை இருமுனையும் தீட்டி ஒரு டப்பாவில் போட்டுவைத்துக்கொண்டால் சோம்பலுக்கு இடமில்லாமற் போகும்.

உஷ்ணமும் கைப்பழக்கமும்

தகட்டின் கனம் மில்லிமீட்டர் ஒன்றுக்கு 40 ஆம்பியர் என்பது தொடக்கத்துக்குரிய கணக்கு. 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 80. 3 மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேற்பட்ட கனங்களுக்கு இக்கணக்கு அப்படியே ஒத்துவராது. தகட்டில் ஓட்டை விழுந்துவிடுமோ என்ற அச்சத்தால் 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 40 ஆம்பியர் வைத்துத் தொடங்குவாரைக் காண்கிறோம். குழம்பு உண்டாக நெடுநேரம் ஆகிறது. அதற்குள் வெப்பம் தகடு முழுதும் பரவித் தகடு நெளிந்துவிடுகிறது. வெல்டு சாம்பல் நிறத்துடன் சொரசொரப்பாகிறது. இறுதியில் அஞ்சிய ஓட்டையும் விழுந்தே விடுகிறது. போதிய மின்சாரத்தைக் கொடுத்து விரைவாக நகர்வதே தகட்டுக்குக் குறைந்த வெப்பம் கொடுக்கும் வழி. இது முதலில் நம்புதற்கரியதாகத் தோன்றும். சுடர் எழுந்த 2 அல்லது 3 விநாடிக்குள் பளபளப்பான குழம்பு தோன்ற வேண்டும். தோன்றாவிடில் மின்சாரம் குறைவு, அல்லது சுடர் நீளம் என்று அறிக.

சுடரின் நீளம் டங்ஸ்டன் கம்பியின் விட்டத்தை மிஞ்சுதல் கூடாது, அதாவது 1.6 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ அதே இடைவெளி. முனை பட்டுவிடுமோ என்று கை தானாகவே உயரும். உயரும்போது வெப்பம் அகன்று பரவி ஆழம் குறைகிறது. வாயுப் போர்வையும் விலகுகிறது. நிரப்புக் கம்பி குழம்பைச் சேருமுன்பே நுனியில் உருண்டு திரண்டு பொத்தென்று விழுகிறது. 'கம்பி உருண்டுவிடுகிறது' என்று குறைகூறுவோர், சுடரைப் பாதியாகக் குறைத்து, கம்பியைத் தகட்டோடு படியத் தாழ்த்திக் குழம்பின் முன்விளிம்பில் தொட்டுப் பார்க்கட்டும். கம்பியை உருக்க வேண்டியது குழம்பின் சூடுதான். தொட்டு எடுத்தபின் அதன் நுனியைப் போர்வைக்கு வெளியே இழுத்துவிடாமல் அருகிலேயே வைத்திருக்க வேண்டும். வெளியே போன நுனி துருவேறித் திரும்பி வரும்.

கை நடுங்குகிறது என்று மனம் தளர வேண்டாம். மணிக்கட்டை எதன் மேலேனும் ஊன்றி, சுடரின்றி வெறும் டார்ச்சை இறுதிவரை ஒருமுறை நகர்த்திப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கும். நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினர்களுக்கு மற்றொன்றும் சொல்வோம். இழை கோக்கும்போது அணியும் கண்ணாடியை முகமூடிக்குள்ளும் அணிந்துகொள்ளுங்கள். குழம்பு தெளிவாகத் தெரியாமலே மாதக்கணக்கில் பழகி, தமக்குக் கைத்திறன் இல்லை என்று முடிவு செய்துவிடுவோர் உண்டு.

முடிக்கும் இடத்தில் சுடரைச் சட்டென்று அணைத்தால் அங்கே பள்ளம் விழுந்து, நடுவில் நட்சத்திரம்போல் வெடிப்பும் காணும். மின்சாரத்தை மெல்லக் குறைத்து, கடைசியாக ஒரு துளி கம்பியையும் சேர்த்து முடிக்க வேண்டும்.

எவர்சில்வரும் சாயத் தொட்டியும்

எவர்சில்வரில் மேற்புறம் பொன்னிறமாக அழகுற அமைந்து, அடிப்புறம் கருகிய வெல்லப்பாகுபோல் பொரிந்திருப்பதைக் காணலாம். அடிப்புறத்தில் வாயுப் போர்வை இல்லாமையால் அங்குள்ள குரோமியம் எரிந்துவிட்டது. சாயமும் அமிலமும் நிற்கும் பாத்திரமானால் அந்த இடம்தான் முதலில் அரிக்கும். அடிப்புறத்துக்கும் ஆர்கான் கொடுத்தே இவ்வேலையைச் செய்ய வேண்டும். 304 வகைக்கு இ.ஆர். 308 எல் கம்பி உரியது. எவர்சில்வரைச் சாதாரண எஃகோடு சேர்ப்பதானால் இ.ஆர். 309 எல்.

இங்கு உயிரைப் பற்றிய செய்தியும் உளது. ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது. நிறமும் மணமும் அற்றது. ஆழ்ந்த தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்கி வெல்டு செய்தால், அது அடியில் தேங்கிச் சுவாசிக்கும் காற்றை வெளியேற்றிவிடும். மூச்சுத் திணறலென்று உணருமுன்பே மனிதர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் அவ்வாறே விழுவார். தொட்டியின் உட்பகுதி வேலையைப் புதியவர்கள் ஏற்கவே கூடாது. டீசல் இருந்த பீப்பாய், பூச்சிமருந்து நின்ற கலம் ஆகியவற்றின் மேலும் சுடரை வைத்தல் ஆகாது. கழுவிவிட்டோம் என்ற சமாதானம் போதாது. துத்தநாகம் பூசிய குழாயில், பூச்சைத் தேய்த்து நீக்காமல் பற்றவைத்தால், அவ்வெண்புகை அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். இச்சுடரில் புகை குறைவாகையால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் தடையின்றி வீசுகிறது. வேலை செய்பவர் முழுக்கைச் சட்டையும் கையுறையும் 9 முதல் 11 எண் வரையுள்ள கண்ணாடியும் அணிதல் வேண்டும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளைத் தட்டிக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டும். அவர்களுக்குக் கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற வேதனை சில மணி நேரம் கழித்தே தொடங்கும் என்பதால், அப்போது யாரும் எச்சரிக்கை அடைவதில்லை.

சேர்ந்ததா என்று சோதித்தல்

முதலில் குறிப்பிட்ட ஒட்டாத வெல்டு பெரும்பாலும் இரு தகடுகள் செங்கோணமாகச் சந்திக்கும் மூலையிலேயே நேர்கிறது. சுடர் பட்டதும் இரு தகட்டிலும் தனித்தனியே இரண்டு சிறு குழம்புகள் தோன்றும். அவை நடுவே ஒன்றாகக் கலக்குமுன் நிரப்புக் கம்பியைக் கொடுத்தால், கம்பி மேலே பாலம்போல் படிந்து மூலையின் அடி வெற்றிடமாக நின்றுவிடும். மேலே பார்ப்போர் மிக அழகிய வெல்டு என்பர். முனையை மூலைக்கு மிக அருகே கொண்டுசென்று, இரு குழம்பும் ஒன்றாகி முன்னோக்கி ஓர் அடி எடுத்துவைப்பதைக் கண்ட பிறகே கம்பியைத் தொட வேண்டும். தகடுகளுக்கிடையே இடைவெளி இருந்தால் இது கைகூடாது. இடைவெளியைக் கம்பியால் நிரப்ப முயலாமல் தகட்டை ராவிப் பொருத்துவதே முறை. ஒரு தகடு கனமானால் சுடரை அதன் பக்கமே சற்றுச் சாய்க்க வேண்டும்.

இதனைக் கண்ணால் நிதானிக்க இயலாது. வேலைக்கு உபயோகிக்கும் அதே கனமுள்ள இரு துண்டுகளை எடுத்து, ஒருபுறம் மட்டும் வெல்டு செய்து, முற்றும் ஆறியபின் வைஸில் பிடித்து, வெல்டு உள்ள பக்கம் மூடி, வெல்டு இல்லாத பக்கத்தில் அடி விரிந்து திறக்கும்படி சுத்தியலால் மடக்குங்கள். தகடு வளைந்தும் வெல்டு விடாதிருந்தால் நன்று. விட்டுவிட்டால், பிளந்த இடத்தைக் கூர்ந்து நோக்குக. தகட்டின் வெட்டிய விளிம்பு கூர்மழுங்காமல் அப்படியே தெரிந்தால் குழம்பு அடிவரை செல்லவில்லை. துளைகள் தெரிந்தால் வாயுவையும் அழுக்கையும் பற்றி மேலே சொன்னவற்றுக்குத் திரும்ப வேண்டும். மற்றொரு துண்டைக் குறுக்கே அறுத்து, எமரித் தாளால் மெருகேற்றிப் பார்த்தாலும் அடியில் நிற்கும் கருங்கோடு தெரிந்துவிடும். தொடர்ந்து பத்துத் துண்டுகள் இச்சோதனையில் நிற்கும் வரையில் பந்தல் குழாயும் நாற்காலிக் காலும் போன்ற வேலைகளோடு இருந்துகொள்வது நலம். மனிதர் ஏறும் ஏணி, வண்டியை இழுக்கும் கொக்கி, காற்றழுத்தம் தாங்கும் தெளிப்பான் கலம் ஆகியவற்றை அதுவரை தேர்ந்த தொழிலாளியிடமே கொடுக்க வேண்டும். அழுத்தக் கலத்தை அதன் பிறகும் அவரிடமே கொடுப்பது நல்லது.